வேலந்தாவளத்தைத் தத்தெடுத்த வரலாறு

வாரிசு இல்லாத அரசர்கள் பிள்ளை தத்தெடுத்திருக்கிறார்கள். பிள்ளை இல்லாத செல்வந்தர்கள் தத்தெடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் சில்லறைக் காரியங்கள். பெற்றவர்கள் அத்தனை பேரும் உயிரோடு, நல்ல உடல்நிலையில், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, கேரள எல்லையில் இருக்கும் ஒரு சந்தை ஊரின் பிள்ளைகளை ஒட்டுமொத்தமாக, ஒலிபெருக்கி வைத்து, ஒரே முற்பகலில் தத்தெடுத்து முடித்த பெருமை மனிதகுல வரலாற்றில் ஒரு கல்லூரிக்கு மட்டுமே உண்டு. வாளையார் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி புகழை விரும்பாதது. ஆகவே அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அறிய விரும்புவோர் வேலந்தாவளத்துக்குள் எந்தச் சாலை வழியாக நுழைந்திருந்தாலும் ஃப்ளெக்ஸில் படித்திருக்கலாம்.

இந்த வரலாற்றில் தத்துக் கொடுக்கும் பாக்கியம் வாய்த்தவர் ஜப்பார் ராவுத்தர். சந்தை முக்கில் மாட்டுக் கயிறும் மூக்கணாங்கயிறும் கழுத்து மணியும் விற்கும் கடைக்காரர். எழுபதைத் தாண்டியும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிறவர். சாய்ந்து உட்காருவது தோற்றவனின் லட்சணம் என்பது அவர் கொள்கை. அவர் குடும்பம் யாரிடமும் எதையும் இலவசமாக வாங்கியதில்லை. பேரன் ஃபைஸுக்குப் பள்ளியில் கொடுத்த குடையைக்கூட, "நம்ம ஊட்டுல கொடை இருக்குது, இல்லாத புள்ளைக்குக் குடுங்க" என்று திருப்பி அனுப்பினார். அன்று ஃபைஸ் நனைந்துகொண்டு வந்தான். மானம் நனையவில்லை.

ஃபைஸ் அவருடைய மகள் ரஸியாவின் மகன். மருமகன் நௌஃபலுக்கு ஷார்ஜாவில் வேலை. சம்பந்தி வீடு கொழிஞ்சாம்பாறையில். மகளும் பேரனும் தன் வீட்டில் இருக்கும்வரை கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே ராவுத்தர் காலையில் எழுந்திருந்தார் என்றால் மிகையில்லை.

கடைக்குப் பின்னால் அவருடைய அத்தா கட்டிய கயிற்றுக் கிடங்கு ஒன்று உண்டு. கயிறு நைலானாக மாறிய பிறகு கிடங்குக்கு வேலையில்லை. அதை ஊர்ப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். சாயந்தரமானால் அங்கே கேரம் ஆடுவார்கள், வீட்டுப்பாடம் எழுதுவார்கள், சண்டை போடுவார்கள். அதற்கு 'உதயம் இளைஞர் மன்றம்' என்று பெயர். மன்றச் செயலாளர் ஷிஜுவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பதவிக்காக இளமையை இன்னும் விடாமல் வைத்திருந்தார்.

ஒருநாள் ஷிஜு கடைக்கு வந்தார்.

"ராவுத்தரே, ஒரு நல்ல காரியமுங்க. காலேஜ் புள்ளைக நம்ம மன்றத்துக்கு வராங்க. தங்கிச் சேவை செய்யறதுக்கு."

"யாருக்கு?"

"நம்ம புள்ளைகளுக்குங்க."

"நம்ம புள்ளைகளுக்கு என்ன கேடு?"

"அதை அவங்க வந்து கண்டுபிடிப்பாங்க."

வந்தார்கள். மஞ்சள் பனியன் அணிந்த 'தன்னார்வலர்கள்' ஒரு பேருந்து நிறைய இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ஜிபி. திட்டத்தின் பெயர் 'புன்னகை'. மாணவத் தலைவி ஜின்சி வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். பட்டாளத்தில் தமிழ் சரளமாகத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவளுக்கு 'மொழி ஒருங்கிணைப்பாளர்' என்ற கூடுதல் பட்டமும் இருந்தது. வேலந்தாவளத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழும், வாத்தியாரிடம் மலையாளமும், மாடு ஓட்டி வருகிறவர்களிடம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். அவர்களைத் தன்னார்வலர்கள் 'மொழித் தடை உள்ள பயனாளிகள்' என்று வகைப்படுத்தினார்கள்.

உத்காடனம் என்று அவர்கள் சொன்ன தொடக்க விழா மேடையில் ராவுத்தருக்கு நடு நாற்காலி. பேராசிரியர் மலையாளத்தில் நெடுநேரம் முழங்கினார். ஜின்சி அதைச் சுருக்கிச் சொன்னாள்.

"இந்த ஊரையும் இங்கன இருக்க பிள்ளைகளையும் எங்க காலேஜ் தத்தெடுக்குது. ஊர்ப் பெரியவர் சம்மதம் தரணும்."

தத்து என்பது அரசாங்கத்தார் புதிதாகக் கண்டுபிடித்த ஏதோ மரியாதை என்று ராவுத்தர் நினைத்துக்கொண்டார். அவர் கவனம் பொன்னாடையில் இருந்தது. இலவசமாக எதையும் வாங்காத குடும்பம்தான். ஆனால் பொன்னாடை இலவசத்தில் சேராது என்று அவர் அந்தக் கணத்திலேயே தீர்ப்பளித்துவிட்டார்.

"சம்மதந்தானுங்க" என்றார் ஒலிபெருக்கியில்.

பேராசிரியர் பொன்னாடையைப் போர்த்தினார். அது நீளமானது. முன்பக்கம் சரிந்து இருவர் கையையும் மூடிக்கொண்டது. பேராசிரியர் அதற்கடியில் ராவுத்தரின் கையைப் பிடித்து, படம் எடுத்து முடியும்வரை விடாமல் குலுக்கினார். ராவுத்தரும் பதிலுக்குக் குலுக்கினார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாட்டுத் தரகர் குப்பண்ணன் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரை இடித்துச் சிரித்தார். காரணம் இருக்கிறது. வேலந்தாவளம் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இருவரும் கையைக் குலுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து தீனி, தண்ணீர், கொட்டகை எல்லாம் வாங்கியவன் பாடு. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாததால் இதுவரை யாரும் மீறியதில்லை.

சேவை தொடங்கியது. முதல் நாள் 'உழைப்புத் தானம்'. கிடங்கின் ஓடுகள் பழையவை, அவற்றை இறக்கிவிட்டுப் புதுத் தகடு போடப்படும் என்று அறிவித்தார்கள். தன்னார்வலர்கள் வரிசையாக நின்று, ஓடுகளைக் கைக்குக் கை மாற்றி, மத்தியானத்துக்குள் கூரையைக் காலி செய்துவிட்டார்கள். மேலே ஒரு குட்டி விமானம் பறந்து படம் எடுத்தது. கூரை இல்லாததால் உள்ளே நடப்பதும் அதற்குத் தெளிவாகத் தெரிந்தது. நிகழ்ச்சி நிரலில் ஓடு இறக்குதல் இருந்தது. ஏற்றுதல் என்று ஒன்று இல்லை.

மறுநாள் கை கழுவும் வகுப்பு. அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள் அல்ல. சேவை அதற்காக நிற்குமா? பிள்ளைகள் இல்லாத தண்ணீரில், இல்லாத சோப்பைத் தேய்த்து, விரலிடுக்கு விரலிடுக்காகக் கழுவினார்கள். மேடையில் கைதட்டினார்கள். பிறகு பிள்ளைகள் தெருமுனைக் கைப்பம்புக்குப் போய் நிஜமாகவே கழுவிக்கொண்டு சாப்பிட வந்தார்கள்.

அடுத்தது 'கனவு வகுப்பு'.

"பெரியாளானதும் என்ன ஆகணும்னு கனவு வச்சிருக்கீங்க? சொல்லுங்க பாப்போம்" என்றாள் ஜின்சி.

பூக்கடை கோமதியின் மகள் மௌனிகா எழுந்தாள். "நீங்க என்ன ஆகப் போறீங்கக்கா?"

"நானா? கலெக்டருக்குப் பரீட்சை எழுதணும்."

"அப்பறம் எதுக்குங்க இங்க வந்து எங்களுக்குக் கை கழுவச் சொல்லித் தர்றீங்க?"

"இதுக்கு கிரேஸ் மார்க் உண்டும்மா."

"எங்களுக்கும் உண்டுங்களா?"

ஜின்சி எல்லோரையும் கைதட்டச் சொல்லி வகுப்பை முடித்தாள்.

ராவுத்தர் கடையிலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்து வியந்துகொண்டிருந்தார். தேநீர் குடிக்க வந்த ஜின்சியிடம் கேட்டார்.

"ஏனம்மிணி, உங்க தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கும் புள்ளைக இருக்குமில்ல?"

"நெறைய இருக்காங்க தாத்தா."

"சாயந்தரமானா அதுக எங்க உக்காந்து படிக்குதுக?"

"தெரியலையே. அது இடுக்கி ஜில்லா தாத்தா. எங்க காலேஜ் லிமிட்டுல வராது."

"அப்படிச் சொல்லு" என்றார் ராவுத்தர். சேவைக்கும் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசி நாள் படம் எடுக்கும் நாள். அதற்கு முந்தைய நாட்களும் படம் எடுக்கும் நாட்கள்தான். ஆனால் இது வேறு எந்த வேலையும் இல்லாமல் படம் மட்டும் எடுக்கும் நாள். ராவுத்தரின் மனைவி கௌலத் பேரனைத் தலைக்குக் குளிப்பாட்டி, பெருநாள் சட்டை போட்டு, தலை வாரி அனுப்பினார். படம் எடுக்கும் மாணவன் ஃபைஸை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்தக் குட்டி செட்டாகல்லே. நல்ல வீட்டுக் குட்டி போல உண்டு. கொஞ்சம் நேச்சுரலா வேணும்."

கேரம் பலகை துடைக்க வைத்திருந்த கிழிந்த பனியன் ஒன்று மூலையில் கிடந்தது. அதை ஃபைஸுக்கு மாட்டினார்கள். வாரிய தலையைக் கலைத்தார்கள். கன்னத்தில் கொஞ்சம் ஓட்டுத் தூசி தடவினார்கள். "இனி சிரி" என்றார்கள். ஃபைஸுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

பிறகு தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். "உங்கள மறக்கவே மாட்டோம்" என்றார்கள். பேருந்து புறப்பட்டது. புதுத் தகட்டைத்தான் மறந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் துலா மாதத்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கிடங்குக்குள் கேரம் பலகை ஊறி வயிறு புடைத்தது. பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ராவுத்தர் கடைக் கூரையின் இறவாணத்தில் ஒட்டி நின்றார்கள். ஷிஜு கல்லூரிக்குப் போன் செய்து, ராவுத்தருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"கூரை அடுத்த பேட்ச் பிள்ளைகளோட ப்ராஜெக்ட் ஆணு ஷிஜு" என்றார் பேராசிரியர் ஜிபி. "இப்ப நாங்க அவார்டு ஃபங்ஷன் தெரக்குல, ஒரே பிஸி. சிறந்த தத்துக் கிராம அவார்டு நமக்குத்தான். அடுத்த புதன்கிழமை. பிரார்த்திக்கணும்."

"அவங்களுக்கு அவார்டு. நம்ம புள்ளைகளுக்கு சளி" என்றார் ராவுத்தர்.

இந்த நிலையில்தான் ஃப்ளெக்ஸ் பலகைகள் முளைத்தன. ஊருக்குள் வரும் எல்லாச் சாலைகளிலும், ஆளுயரத்துக்கு மேல், ஃபைஸ். கிழிந்த பனியன், கலைந்த தலை, தூசிக் கன்னம், பளீர்ச் சிரிப்பு. கீழே தமிழிலும் மலையாளத்திலும்: 'எங்கள் தத்துப் பிள்ளைகள். யாருமில்லை என்றால் நாங்கள் இருக்கிறோம்.'

அன்று மாலையே ஷார்ஜாவிலிருந்து போன்.

"மாமா, ஃபைஸ் நல்லாருக்கானுங்களா?"

"நல்லாருக்கான் மாப்ளே."

"ரஸியா?"

"நல்லாருக்குது."

"எனக்கு ஒரு சந்தேகமுங்க மாமா. நான் உசுரோட இருக்கறனா?"

"என்ன பேச்சு மாப்ளே இது?"

"எங்கம்மா பஸ்ஸுல போறப்ப அந்த போர்டைப் பாத்துட்டு எறங்கி அழுதிருக்காங்க. பேரனுக்கு யாருமில்லைன்னு எழுதியிருக்குதாமா. கொழிஞ்சாம்பாறை முழுக்கப் படம் சுத்துது. மாசாமாசம் நான் அனுப்பறது பத்தலீங்களா மாமா? ஒரு நல்ல பனியன் வாங்கிப் போட்டிருக்கலாமே."

போனை வைத்த பிறகு ஜப்பார் ராவுத்தர் செய்த காரியத்தைக் கண்டு கௌலத் பயந்துபோனார். அவர் நாற்காலியில் முதுகைச் சாய்த்தார்.

மறுநாள் குப்பண்ணன் கடைக்கு வந்து வேண்டுமென்றே நிதானமாக ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, பேரனைக் குடுத்துட்டீங்களாமா? நல்ல வெலைதானுங்களா?"

"குப்பண்ணா, எடத்தைக் காலி பண்ணு."

"என்னை எதுக்குங்க வெரட்டறீங்க? துணிக்கடியில கையைக் குடுத்தது நீங்க. அவரு குலுக்குனாரு, நீங்களும் குலுக்குனீங்க. ஊரே பாத்துது. சந்தை முறைக்கு யாவாரம் முடிஞ்சு போச்சுங்க."

"அது பொன்னாடை."

"சரிகை போட்டாலும் துணி துணிதானுங்க."

ராவுத்தர் சாலையைப் பார்த்தார். எதிரே பலகையில் பேரன் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் முதுகு மெல்ல நாற்காலியை விட்டு விலகி நிமிர்ந்தது.

"குப்பண்ணா, யாவாரம் முடிஞ்சுதுன்னா தீனி யாரு பாடு?"

"வாங்குனவங்க பாடுங்க."

"கொட்டகை?"

"அதும் வாங்குனவங்க பாடுதானுங்க."

"வாங்குனவன் ஓட்டிட்டுப் போகாம இங்கயே உட்டுட்டுப் போயிட்டா?"

குப்பண்ணன் கயிற்றைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு மாறி தொழில் வந்தது. "வித்தவன் கொண்டுபோய் அவன் வாசல்ல கட்டிட்டு வரலாமுங்க. வண்டி வாடகையை வாங்குனவன் குடுக்கோணும்."

"புதன்கிழமை உன்ற வண்டி சும்மா இருக்குமா?"

"இல்லாட்டியும் இருக்குமுங்க."

குப்பண்ணன் மாடு ஏற்றும் வண்டியைக் கழுவி, புது வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டினார். பிள்ளைகளை அவரவர் வீட்டில் இருக்கும் நல்ல துணியில் வரச் சொல்லி ராவுத்தர் உத்தரவிட்டார். ஃபைஸுக்குப் பெருநாள் சட்டை. துணைக்குக் கோமதியும் இன்னும் சில தாய்மாரும் ஏறிக்கொண்டார்கள். ராவுத்தர் பொன்னாடையை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார், சாயாமல்.

வாளையார் சாலையில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார்.

"எந்தா லோடு?"

"பயனாளிகள் சாரே" என்றார் குப்பண்ணன்.

போலீஸ்காரர் பின்னால் போய்ப் பார்த்தார். உள்ளே பட்டுப் பாவாடைகளும் பெருநாள் சட்டைகளும் மல்லிகைப் பூவும் இருந்தன. "எங்கோட்டா?"

"அவங்க ஊட்டுக்குங்க" என்றார் ராவுத்தர்.

கல்லூரி வாசலில் காவலாளி தடுத்தார். யார் நீங்கள், அழைப்பு உண்டா என்று கேட்டார். மௌனிகா அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். அங்கேயும் அந்தப் பலகை இருந்தது. "அதுல போட்டிருக்கற தத்துப் புள்ளைக நாங்கதானுங்க" என்றாள். காவலாளி பலகையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல துணியில் இருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அரங்கத்தில் பேராசிரியர் ஜிபி பேசிக்கொண்டிருந்தார். "வேலந்தாவளத்தின் பிள்ளைகள் இன்று நம்முடைய பிள்ளைகள்" என்ற இடத்துக்கு அவர் வந்தபோது கதவு திறந்தது. நம்முடைய பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து சபை எழுந்து நின்று கைதட்டியது. அப்படித் திட்டமிடும் அறிவு தங்களுக்கு இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் ஜின்சி. அவள் மட்டும் கைதட்டவில்லை.

ராவுத்தர் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியவங்களுக்கு வணக்கமுங்க. நீங்க எடுத்த புள்ளைகளை நீங்க மறந்துட்டு வந்துட்டீங்க. கொண்டாந்து சேத்திருக்கறேன். படிக்கற கொட்டகைக்குக் கூரையை நீங்க எறக்கிட்டீங்க, அதனால அங்க அதுகளுக்கு எடமில்லை. ஊடு எதுன்னு காட்டுனீங்கன்னா போதும். மௌனிகாவுக்குத் தயிர் ஆகாது. ஃபைஸ் தனியாப் படுக்க மாட்டான். வண்டி வாடகை குப்பண்ணங்கிட்டக் குடுத்துருங்க."

சபை இன்னும் பலமாகக் கைதட்டியது. சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேராசிரியர் ராவுத்தரை ஓரமாக இழுத்தார். "ராவுத்தரே, எந்தா இது? தத்துன்னா அது ஒரு வாக்கு. அவ்வளவுதான்."

"எங்க சந்தையில வாக்குக்கு மேல ஒண்ணும் கெடையாதுங்களே."

"இப்ப எந்து செய்யணும்?"

"ரெண்டு வழிதானுங்க. ஒண்ணு, வெச்சுக்கோணும். இல்லீன்னா, இதே மேடையில, இத்தனை சனத்துக்கு முன்னால, இந்தத் துணிக்கடியில கையைக் குடுத்து, 'எங்களுக்கு வேண்டாம், நீங்களே கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லோணும். சொல்லிட்டு அந்தப் பலகைகளை எறக்கோணும்."

இக்கட்டான நிலைதான். வேண்டாம் என்று சொன்னால் விருதுக் கேடயம் போய்விடும். வைத்துக்கொண்டால் மத்தியானச் சோறு போட வேண்டும். படிக்காதவனாக இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கெட்டுப்போயிருப்பான். கல்வியின் மேன்மை இங்கேதான் வெளிப்பட்டது. "ஒரு நிமிஷம்" என்றார் பேராசிரியர். பிள்ளைகளை மேடைக்கு அழைத்து முன்வரிசையில் நிற்க வைத்தார். ஜின்சியைப் பக்கத்தில் நிறுத்திக் கேடயத்தை வாங்கினார். படம் எடுத்தார்கள். சிறப்பு விருந்தினரை வாசல்வரை கொண்டுபோய்க் காரில் ஏற்றினார்கள். சபை பிரியாணிக்குக் கலைந்தது. நாற்காலி அடுக்குகிறவர்களைத் தவிர யாரும் இல்லை என்று உறுதியான பிறகு, பேராசிரியர் திரும்பி வந்து பொன்னாடைக்கடியில் கையை நீட்டினார்.

"ஞங்களுக்கு வேண்டா" என்றார் மெதுவாக.

ராவுத்தர் ஜின்சியைப் பார்த்தார். அவள்தானே மொழி ஒருங்கிணைப்பாளர்.

"எங்களுக்கு வேண்டாமாம் தாத்தா" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்களே கூட்டிட்டுப் போயிரணுமாம்."

"இது முறையில்லீங்க" என்றார் குப்பண்ணன். "சனம் எங்கீங்க? சாட்சி எங்கீங்க?"

ராவுத்தர் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் பசித்துப் பிரியாணி வாசம் வந்த பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம் போக யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, நான்காக மடித்து, கேடயத்தின் மேல் வைத்தார். "இலவசமா வாங்கற பழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க" என்றார். வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

மறு சந்தைக்கு வந்த சுமைக்காரர்கள் கிடங்கின் ஓடுகளைத் திரும்ப ஏற்றினார்கள். படம் எடுக்க யாரும் இல்லாததால் வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. பலகைகளைக் குப்பண்ணனே கழற்றினார். அவற்றை அவர் வைக்கோல் போருக்குப் போர்த்தியபோது ராவுத்தர் கூட இருந்து, பேரன் முகம் உள்பக்கமாகப் போகும்படி பார்த்துக்கொண்டார். கேடயம் கல்லூரி முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

பலகைகள் இறங்கிய அன்று மாலை ராவுத்தரே ஷார்ஜாவுக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, போர்டெல்லாம் எறக்கியாச்சு. உங்க பையனைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சுங்க மாமா. எப்படிக் குடுத்தாங்க? ஒண்ணும் கொறை வெக்கலையே?"

ராவுத்தர் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கொறையும் இல்லீங்க மாப்ளே. கறந்துட்டுத்தான் குடுத்தாங்க."